தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், 2025 ஜனவரி 19 ஞாயிறு மாலை நான் பேசியது. அன்று வர இயலாதவர்களும் படிக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் போன வாரம் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், வருகிற மார்ச் வந்தால் முதல் ஊரடங்கு வந்து 5 வருஷம் ஆகிறது. அந்த நாட்களைப் பற்றி 10 நிமிஷம் ஜாலியாகப் பேசுங்கள்" என்றார். நானும் சரி என்றேன். 35 வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து, ஓய்வு பெற்று 2 வருடம்கூட ஆகாத நிலையில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டவன் நான். சொல்வதற்குக் கதைக்கா பஞ்சம்?

ஆனால் போகிக்குப் பரண் ஒழித்தபோது ஒரு நோட்டு கிடைத்தது. நீளமான கணக்கு நோட்டு. 2020 மார்ச் 22 முதல் டிசம்பர் கடைசி வரை அதில் எழுதியிருக்கிறேன். வங்கிக்காரன் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் வேறு என்ன செய்வான்? இடது பக்கம் நாள் நடப்பு, வலது பக்கம் செலவு. போகியில் போட வேண்டிய குப்பை என்று நினைத்து எடுத்தவன், மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து 2 மணி நேரம் படித்தேன். அதைத்தான் உங்களுக்கும் கொஞ்சம் படித்துக்காட்டப் போகிறேன்.

முதல் பக்கம், மார்ச் 22, ஞாயிறு. "மாலை 5 மணி. எல்லோரும் பால்கனியில் கை தட்டினோம். 3-ஆவது மாடிக்காரர் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டியதில் தாம்பாளம் நசுங்கியது. அவர் மனைவி கோபம்." அடுத்து மார்ச் 24. "மாலை 6 மணி முதல் 144. பால் 4 பாக்கெட், உருளை 3 கிலோ, ரவை 2 கிலோ." அன்று இரவு பிரதமர் 21 நாள் என்று அறிவித்தார். 21 நாள்தானே, ஒரு ரவைப் பொட்டலம் தீர்வதற்குள் முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கும் நினைவிருக்கும். காய்கறியை உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டுக் கூடத்தில் பரப்பி வைத்தோம். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். சில்லறை நாணயத்தைச் சானிடைசரில் முக்கி எடுத்தேன், என் உத்தியோக வாழ்க்கையில் பணத்தைக் குளிப்பாட்டியது அப்போதுதான். தூர்தர்ஷனில் காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ராமாயணம். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கு. கபசுரக் குடிநீர் குடிக்க மறுத்த பேரனுக்கு நான் நடித்துக்காட்டிக் குடித்தேன். என் மனைவி எனக்கு முடி வெட்டிவிட்டாள். அந்த நாள் குறிப்பில் வேறு எதுவும் எழுதவில்லை, ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 25, சனிக்கிழமை. மறுநாள் முதல் 4 நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்றதும் ஊரே கடைக்குப் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். மே 5-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். பிறகு திருமழிசையிலிருந்து காய் வந்தது. தக்காளி என்ன விலை, பீன்ஸ் என்ன விலை என்று தினமும் எழுதியிருக்கிறேன்.

நாம் பெருமைப்படத் தக்கவையும் அந்த நோட்டில் இருக்கின்றன. நம் இரண்டு காவலாளிகளும் பஸ் இல்லாமல் ஊருக்குப் போக முடியாமல் 40 நாளுக்கு மேல் இங்கேயே தங்கினார்கள். 48 வீடுகளும் முறை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தோம். எந்த வீட்டுச் சாம்பார் நன்றாக இருக்கும் என்று அவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். தனியாக இருந்த மூத்தவர்களுக்கு நம் பிள்ளைகள் மருந்து வாங்கி வந்து கதவில் மாட்டிவிட்டுப் போனார்கள். மொட்டை மாடியில் நடக்க வீட்டுக்கு 20 நிமிடம் என்று அட்டவணை போட்டோம், ஒரு சண்டைகூட வரவில்லை. 2021 மே மாதம் நம்மில் இருவரை இழந்தோம். வீட்டு வாசல் வரைகூடப் போக முடியாமல் பால்கனியில் நின்று கை கூப்பினோம். அவர்கள் வீட்டார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அதை நான் நீட்டிச் சொல்லவில்லை.

இதுவரைக்கும் செயலாளர் கேட்டதைப் பேசிவிட்டேன். இனி அவர் கேட்காதது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டின் வலது பக்கத்தில் மாதக் கடைசியில் ஒரு வரி வரும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம். மார்ச் மாதம் 2,500 ரூபாய். ஏப்ரல் மாதம் 2,500 ரூபாய். மே மாதம் 1,250 ரூபாய். ஜூன் மாதம் ஒன்றுமில்லை. ஜூலை மாதம் ஒன்றுமில்லை. ஆகஸ்ட் மாதம் ஒன்றுமில்லை. செப்டம்பரில் மறுபடி 2,500.

அதே பக்கத்தில் மேலே இன்னொரு வரி, பென்ஷன் வரவு. மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், ஒரு மாதம்கூடத் தவறவில்லை, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பெட்ரோல் செலவு இல்லை, ஓட்டல் இல்லை, கல்யாண மொய் இல்லை. அந்த ஆறு மாதத்தில் என் சேமிப்புக் கணக்கில் இருப்பு கூடியிருக்கிறது. கூடிய பணத்தில் ஒரு வைப்புநிதிகூடப் போட்டிருக்கிறேன். அதன் ரசீது எண்ணும் நோட்டில் இருக்கிறது.

மாடிப் படியில் உட்கார்ந்து இந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தணிக்கையாளர் யாரும் தேவைப்படவில்லை.

ஏன் நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பயம் ஒரு காரணம். பெங்களூரில் இருக்கும் மகனுக்குச் சம்பளத்தில் 20 சதவீதம் பிடித்தார்கள், அவனுக்கு உதவ வேண்டி வருமோ என்று நினைத்தேன். அவன் கேட்கவே இல்லை. இன்னொரு காரணம் நம் வாட்ஸ்அப் குழு. மே மாதக் கடைசியில் ஒருவர் கேட்டார்: "வேலைக்கு வராதவர்களுக்கு எல்லோரும் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி கொடுத்தால் நல்லது." நியாயமாகத்தான் கேட்டார். ஒருவர் பாதி என்றார், இன்னொருவர் கால் என்றார், மற்றொருவர் வராத நாளுக்குச் சம்பளம் எதற்கு என்றார். முழுச் சம்பளம் கொடுக்க நினைத்தவர்களும் இருந்தார்கள். சில வீடுகள் சத்தமில்லாமல் கடைசி வரை கொடுத்தன என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் குழுவில் அவர்கள் வாய் திறக்கவில்லை. ஒரே மாதிரி என்ற பேச்சு வந்தால் அளவு கீழேதான் இறங்குகிறது. நானும் அதோடு இறங்கினேன்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா தானாக நிற்கவில்லை. நாம்தான் வர வேண்டாம் என்றோம். கேட்டில் ஒட்டிய அறிவிப்பு உங்களுக்கு நினைவிருக்கலாம். "வீட்டு வேலை செய்வோர், இஸ்திரி, கார் துடைப்போர், கூரியர் – மறு அறிவிப்பு வரை உள்ளே அனுமதி இல்லை." கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அதை என்னை எழுதச் சொன்னார்கள். நான்தான் எழுதினேன். அன்று இருந்த நிலையில் அந்த அறிவிப்பு தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். வயதானவர்கள் நிறைந்த குடியிருப்பு இது. ஆனால் அதில் இன்னொரு வரி இருந்திருக்க வேண்டும், சம்பளம் நிற்காது என்று. அந்த வரியை யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அப்போது வாட்ஸ்அப் குழுவில் என் கொடி உயரப் பறந்துகொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி மார்ச் 27-ஆம் தேதி கடன் தவணைகளுக்கு 3 மாத அவகாசம் அறிவித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். தவணையே கட்ட வேண்டாம் என்று நம் இளைஞர்கள் குதித்தபோது நான்தான் எச்சரித்தேன். "தம்பிகளா, தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறும். கட்ட முடிந்தவர்கள் கட்டிவிடுங்கள்." எத்தனை பேர் கை கூப்பிய படம் அனுப்பினீர்கள்! அடுத்த மாதம் நானே என் வீட்டில் ஒரு பாக்கியைத் தள்ளிவைத்தேன். தள்ளிவைத்துத் தள்ளிவைத்து, யாரையும் கேட்காமல் தள்ளுபடியே செய்துவிட்டேன். எந்த வங்கியிலும் பாக்கி வைத்தவனே தன் பாக்கியைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது.

அந்த அம்மா எனக்கு இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை ஏப்ரல் தொடக்கத்தில். ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் 3 மாதம் போட்டார்கள் அல்லவா? கூட்டம் சேராமல் இருக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். 0, 1 என்றால் ஏப்ரல் 3. 2, 3 என்றால் ஏப்ரல் 4. 4, 5 என்றால் ஏப்ரல் 7. அந்த அம்மாவின் கணக்கு 4-இல் முடிகிறது. "7-ஆம் தேதி போங்கம்மா, காலையிலேயே போய் நில்லுங்க" என்று சொன்னேன். பெரிய உதவி செய்துவிட்டதாக அன்றைய குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது போன் ஜூன் மாதம். 19-ஆம் தேதி முதல் சென்னையிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு வந்தது, அந்த வாரம். "சார், நல்லா இருக்கீங்களா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?" என்று கேட்டார். தேவலை என்றேன். "எப்ப சார் வரட்டும்?" என்றார். "நிலைமை சரியானதும் சொல்றேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். அவர் பணம் கேட்கவில்லை. அவர் கேட்காததை எனக்குச் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அவர் அப்போது 4 வீட்டில் வேலை செய்தார், இரண்டு வீடு இதே குடியிருப்பில். ஒரு வீட்டுக்கு 2,500 என்றால் மாதம் 10,000. கணவர் பெயின்டர், அவருக்கும் வேலை இல்லை. ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது, ஜூன் ஊரடங்குக்கு இன்னொரு 1,000. ஜன்தன் 1,500. ரேஷன் அரிசி, பருப்பு. ஐந்து பேர் உள்ள குடும்பம். வீட்டு வாடகை தனி. இதை நான் அன்றைக்குக் கூட்டிப் பார்க்கவில்லை. தக்காளி விலை எழுதிய அதே பேனா என் கையில்தான் இருந்தது.

செப்டம்பர் முதல் தேதி பஸ் ஓட ஆரம்பித்தது. அந்த வாரம் கேட்டைத் திறந்தோம். அந்த அம்மா வந்தார். மாஸ்க்கைச் சரிசெய்ய ஒரு கையால் காதோரம் தொட்டார். காதில் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்கத் துடைப்ப ஈர்க்கைக் கிள்ளிச் செருகியிருந்தார்.

நான் 11 வருடம் நகைக்கடன் கவுண்டரில் இருந்தவன். காதில் ஈர்க்குச்சி இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை என்றிருந்த கடன் அளவை வங்கிகளுக்கு 90 சதவீதமாக உயர்த்தியது. அவ்வளவு பேருக்கு நகைதான் கைகொடுத்தது. ஆனால் அந்த அம்மா போனது வங்கிக்கு அல்ல, தெருமுனை அடகுக்கடைக்கு. வங்கிக்காரர் வீட்டில் வேலை செய்பவர் வங்கிக் கடனுக்கு வழி கேட்கக்கூட என்னிடம் வரவில்லை. நான் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்காத மாதிரி, "பாத்திரம் அங்கே இருக்கும்மா" என்றேன்.

2021 மே மாதம் மறுபடி கேட்டை மூடியபோது நான் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் மனம் சமாதானமாகிவிட்டது. பழைய பாக்கி அப்படியே மறந்துபோயிற்று, பரணில் இருந்து நோட்டு இறங்கும் வரை.

மே மாதத்தில் பாதி 1,250, பிறகு 3 மாதம் 7,500. ஆக 8,750 ரூபாய். போகி அன்று இரவு என் மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும். நீங்க கணக்குப் பார்க்கிறவர், பார்த்துக்குவீங்கன்னு விட்டேன். நானும் கேட்டிருக்கணும்" என்றாள். வட்டி 6 சதவீதம் போட்டேன். ஆண்டுக்கு 525. நாலரை ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 2,362 ரூபாய் 50 காசு. மொத்தம் 11,112 ரூபாய் 50 காசு. ஒரு கவரில் 11,200 வைத்துக் காணும் பொங்கல் முடிந்த மறுநாள் கொடுத்தேன்.

"என்ன சார் இது? பொங்கல் காசுதான் அன்னைக்கே குடுத்துட்டீங்களே" என்றார்.

"இது பொங்கல் காசு இல்லம்மா. கொரோனா அப்ப நான் குடுக்காம விட்ட சம்பளம். இத்தனை நாள் வச்சிருந்ததுக்கு வட்டி" என்றேன்.

அவர் எண்ணினார். நிதானமாக, இரண்டு முறை. பிறகு சொன்னார்: "அப்ப குடுத்திருந்தா கம்மல் முழுகி இருக்காது சார்." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

இதைக் கூட்டத்தில் பேசலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "பேசுங்க சார். மத்த வீட்டுக்காரங்களும் கேக்கட்டும்" என்றார்.

நண்பர்களே, என் குற்றத்தைச் சொல்லி உங்கள் மனதையும் நோகடிக்க நான் வரவில்லை. காவலாளிகளுக்கு 40 நாள் சோறு போட்டதும் நாம்தான், இஸ்திரிக்காரரை ஒரு போன்கூடச் செய்து விசாரிக்காததும் நாம்தான். காவலாளிகள் கேட்டுக்கு உள்ளே கண்ணெதிரே இருந்தார்கள். மற்றவர்கள் வெளியே இருந்தார்கள். நம் மனம் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. கண்ணில் படாததை அது மறந்துவிடுகிறது. மனம் மறப்பதை எழுதிவைக்கத்தானே கணக்கு என்ற ஒன்று இருக்கிறது?

வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது 'கொடுபட வேண்டிய செலவுகள்' என்று ஓர் இனம் எழுதுவோம். இருப்புநிலைக் குறிப்பில் அது பொறுப்புகள் பக்கத்தில் வரும், நன்கொடையில் வராது. கேட்டை மூடியது நம் பாதுகாப்புக்கு. அந்தப் பாதுகாப்பின் விலையில் ஒரு பங்கை வெளியே நின்றவர்கள் கட்டினார்கள். ஆகவே நான் கேட்பது தர்மம் அல்ல.

வரும் மார்ச் மாதப் பொதுக்குழுவில் 3 தீர்மானங்களை முன்வைக்க அனுமதி கேட்டு நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அதற்குள் யோசித்து வாருங்கள்.

முதலாவது, நோயோ வெள்ளமோ எதுவாக இருந்தாலும், சங்கம் முடிவெடுத்து ஒருவரை உள்ளே வரவேண்டாம் என்று சொன்னால், முதல் 3 மாதம் அந்தந்த வீடு முழுச் சம்பளம் தர வேண்டும். கேட்டில் ஒட்டும் அறிவிப்பிலேயே இந்த வரியும் இருக்க வேண்டும். எழுதித்தர என் கை தயார்.

இரண்டாவது, மாதச் சம்பளம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இஸ்திரிக்காரர், கார் துடைக்கும் பையன் போன்றவர்கள். அவர்களுக்காக வீட்டுக்கு மாதம் 100 ரூபாய். 48 வீட்டுக்கு 4,800. ஆண்டுக்கு 57,600. தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, வரவு செலவு ஒவ்வொரு காலாண்டும் இந்த இதழில். நெருக்கடியில் சம்பளம் தர முடியாத வீடு இருந்தால் அதற்கும் இதிலிருந்தே உதவலாம், பெயர் வெளியே வராது.

மூன்றாவது, இங்கே வேலை செய்யும் எல்லோருடைய போன் எண்ணும் சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும். கேட் மூடியிருக்கும் நாட்களில் வாரம் ஒரு முறை யாராவது ஒருவர் கூப்பிட்டு, "என்னம்மா, எப்படி இருக்கீங்க" என்று கேட்க வேண்டும். இதற்குப் பணமே தேவையில்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. உங்களில் யாராவது வீட்டில் 2020-ஆம் வருடத்து நோட்டு இருந்தால் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நோட்டு இல்லாவிட்டால் ஒரு ஐந்து நிமிடம் நினைத்துப் பாருங்கள். கணக்குப் போடத் தெரியவில்லை என்றால் சொல்லுங்கள், மாலை 5 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வட்டி போட்டுத் தருகிறேன், கட்டணம் இல்லை.

கோலப்போட்டிப் பரிசுக்குக் காத்திருக்கும் குழந்தைகள் என்னை முறைக்கிறார்கள்.